கதை படிக்க வெட்கம் எதற்கு?

"எழுத்துக்கூட்டித்தான் எனக்குப் படிக்க வரும், பிள்ளைக்கு எப்படிக் கதை படிக்கிறது?" என்று நம்மில் பலர் புத்தகத்தை மூடி வைத்துவிடுகிறோம். வேகம் முக்கியமில்லை, குரல்தான் முக்கியம்.

காக்கா வடை கதையையே பார்ப்போம். பாட்டிக்கு நடுங்கும் குரல், காக்காவுக்குக் கரகரப்பு, நரிக்குக் குழைவு. "காக்கா வாயைத் திறந்துச்சா..." என்று நிறுத்தினால், "வடை விழுந்துடுச்சு!" என்று பிள்ளையே சொல்லும். கோபமா, பயமா, ஏமாற்றா என்பது குரலிலேயே புரிவதால், புதுச் சொல்லும் மனசில் தங்கும்.

முன்கூட்டி ஒருமுறை நாமே படித்துப் பார்த்தால் தடுமாற்றம் குறையும். எழுத்து பிடிபடாத இடத்தில் படத்தைக் காட்டிச் சொல்வோம். தூங்கும் நேரத்தில் மட்டும் குரலைத் தாழ்த்துவோம்.

சந்தையில் கூவி விற்கிற குரலும் தாலாட்டுகிற குரலும் நம்மிடம் இருக்கிறதே! இன்று ராத்திரி 10 நிமிஷம் டி.வி.யை நிறுத்திவிட்டு ஆரம்பிப்போமா?