கிரிவலப் பாதையும் ‘கிரவுன்’ கணக்கும்: வேன் டிஃபரன்ஷியலை மாட்டும்போது என்ன கவனிக்கணும்?

திருவண்ணாமலை கிரிவலப் பாதையின் நீளம் சுமார் 14 கி.மீ. கூட்டமில்லாத நாளில் ஒரு வேன் மலையை வலப்பக்கமாக வைத்து ஒரு சுற்று வருகிறது. அதன் எல்லாச் சக்கரங்களும் ஒரே தூரமா ஓடியிருக்கும்? இல்லை. இடது சக்கரம் வெளிவட்டத்தில் ஓடுகிறது. இரு சக்கரங்களுக்கும் நடுவே 1.4 மீட்டர் இடைவெளி என்றால், பாதை எப்படி வளைந்தாலும் ஒரு முழுச் சுற்றில் இடது சக்கரம் கிட்டத்தட்ட 9 மீட்டர் கூடுதலாக ஓடியாக வேண்டும்.

இந்த வித்தியாசத்தைச் சமாளிப்பதுதான் டிஃபரன்ஷியல். 1820-களின் பிற்பகுதியில் பிரான்சின் ஒனேசிஃபோர் பெக்கர் நீராவி வண்டிக்காக இதற்குக் காப்புரிமை பெற்றார். நம்ம ஊர் ஒர்க்‌ஷாப்பில் இதன் பெயர் ‘கிரவுன்’.

எங்கே இருக்கும்?

பெரும்பாலான சுற்றுலா வேன்களில் பின் அச்சில். 4x4 வண்டிகளில் முன் அச்சிலும் ஒன்று உண்டு. எர்டிகா போன்ற முன்சக்கர இழுவை கார்களில் கியர்பாக்ஸுக்குள்ளேயே அடங்கிவிடும்.

மாட்டும்போது எங்கே தப்பு நடக்கும்?

* ஜோடி மாறக் கூடாது: கிரவுன் வீலும் பினியனும் ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்தப்பட்ட ஜோடி. ஒன்று போனால் இரண்டையும் மாற்றணும்.

* இடம் மாறக் கூடாது: பேரிங் மூடிகளைக் கழற்றும் முன்பே இடது, வலது என்று குறியிட வேண்டும்.

* இடைவெளி: பற்களுக்கு நடுவே விடும் ‘ப்ளே’ பல வண்டிகளில் 0.15 முதல் 0.20 மி.மீ. வரைதான். கையால் ஆட்டிப் பார்த்து “சரியா இருக்கு” என்று சொல்ல முடியாது. டயல் கேஜ் வேண்டும். சரியான அளவு அந்தந்த வண்டியின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும்.

* சாயச் சோதனை: பற்களில் சாயம் தடவிச் சுற்றினால் தடம் பல்லின் நடுவில் விழணும். அடிப்பக்கம் விழுந்தால் பினியன் அதிகம் உள்ளே போயிருக்கிறது. நுனியில் விழுந்தால் தள்ளி நிற்கிறது. ஷிம் மாற்றித்தான் சரிசெய்ய முடியும்.

* நசுங்கும் ஸ்பேசர்: பினியன் நட்டை இறுக்கும்போது இது நசுங்கித்தான் பேரிங்குக்குச் சரியான அழுத்தம் கிடைக்கும். பழசை மறுபடி போட்டால் அந்தக் கணக்கே தப்பாகிவிடும்.

அவசரப்பட்டால்?

தவறு உடனே தெரியாது. பௌர்ணமி சவாரிக்காக அவசரமாக மாட்டிய வண்டி ஊருக்குள் நன்றாகவே ஓடும். ஜமுனாமரத்தூர் மலையேற்றத்தில், ஆள் நிறைந்திருக்கும்போது பேரிங் சூடேறலாம், பல் உடையலாம். அச்சு பூட்டிக்கொண்டால் சக்கரம் அப்படியே நின்றுவிடும்.

காதில் கேட்பது என்ன?

ஆக்ஸிலரேட்டர் அழுத்தும்போது ஊளைச் சத்தம் வந்தால் கிரவுன்-பினியனைச் சந்தேகிக்கலாம். திரும்பும்போது மட்டும் சத்தம் என்றால் உள்ளே இருக்கும் சின்ன கியர்கள். கிளம்பும்போது ‘டக்’ என்றால் ப்ளே அதிகமாகியிருக்கலாம்.

வேலை முடிந்து வண்டியை எடுக்கும்போது மூன்று கேள்வி கேளுங்க: டயல் கேஜ் வைத்தீர்களா? சாயத் தடம் எங்கே விழுந்தது? ஸ்பேசர் புதுசா? மூன்றுக்கும் தெளிவாகப் பதில் வந்தால், நம்பி ஆளை ஏற்றலாம்.