படகுத்துறையில் பேண வேண்டிய முறைகள்

ஆறும் கழியும் குறுக்கிடும் சிற்றூர்களுக்கு ஓடத்துறையே பாலம். உல்லாசப் பயணிகள் அங்கு வருவதால் படகோட்டிகளுக்கு வருவாயும் கிட்டுகிறது. ஆயினும் வருவாய் கருதி அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றுவது பெருங்கேடாகும். 2009 செப்டம்பர் 30-இல் தேக்கடி ஏரியில் அடுக்குப் படகொன்று கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். 2011 டிசம்பர் 25-இல் பழவேற்காட்டில் 22 பேர் உயிரிழந்தனர்.

படகு கவிழ்வதேன்? பாரம் தாழ இருக்கும்வரை, சாய்ந்த படகு தானே நிமிரும். பலர் எழுந்து நின்றால் பாரம் மேலேறுகிறது. காட்சி காண அனைவரும் ஒரு பக்கம் ஒதுங்கினால் படகு நிமிராது. பாரம் மிகுந்தாலோ, விளிம்பு நீர்மட்டத்தை நெருங்கிச் சிற்றலையும் உட்புகும்.

கன்னியாகுமரியில் கடல் சீறும் நாட்களில் விவேகானந்தர் பாறைக்குச் செல்லும் படகுகள் நிறுத்தப்படுகின்றன. அந்தக் கட்டுப்பாடு சிற்றூர்த் துறைகளிலும் வேண்டும். ஏற்றத்தக்க ஆள்தொகையைப் படகின்மீதும் துறையிலும் யாவரும் காண எழுதி வைத்தல், ஆளுக்கொரு மிதவை அங்கி அணிவித்தல், காற்று மிகுந்தால் படகு விடாதிருத்தல் ஆகிய மூன்றையும் ஊராட்சித் தலைவர்கள் முன்னின்று நடத்த வேண்டுகிறோம். பயணிகளும் அமர்ந்தே செல்வார்களாக. இன்று விட்ட கூலியை நாளை ஈட்டலாம். போன உயிரை யாரால் மீட்க இயலும்?