மருந்தும் வெற்றுக் குளிகையும்

கஞ்சாப் பழக்கத்தினின்று ஒருவனை மீட்கும் மருந்து உண்டா என்று கல்லூரி மாணவர் ஒருவர் அண்மையில் என்னை வினவினார். அமெரிக்க அரசின் மருந்துத் துறை இந்நோக்கத்திற்கென ஒப்புதல் அளித்த மருந்து இதுகாறும் ஒன்றேனும் இல்லை. ஆயினும், ஏறக்குறைய அகப்பட்டுவிட்டதாகவே நம்பப்பட்ட மருந்து ஒன்றுண்டு. அதன் வரலாற்றைக் கூற விரும்புகிறேன்.

கஞ்சா எவரையும் அடிமைப்படுத்தாது என்பாருளர். அது பிழை. நாள்தோறும் பயன்படுத்தியவர் திடீரென நிறுத்தினால் உறக்கம் கெடும், பசி குன்றும், சினம் மிகும். அத்துன்பம் தாளாமல் பலர் மீண்டும் அதனையே நாடுவர்.

நான் குறிப்பிட்ட மருந்தின் பெயர் அசிட்டைல்சிஸ்டீன். நெஞ்சுச் சளியை இளக்கவும், பாராசிட்டமாலை அளவுக்கு மீறி உண்டவரின் கல்லீரலைக் காக்கவும் நெடுங்காலமாக வழங்கப்படுவது அது. போதைப் பழக்கத்தால் மூளையில் குளூட்டமேட் என்னும் பொருளின் சமநிலை குலைகிறது. இம்மருந்து அதனைச் சீராக்கும் என்று எலிகளிடம் செய்த ஆய்வுகள் காட்டின.

எலிக்குப் பொருந்தியது மனிதனுக்குப் பொருந்துமா? தென் கரோலினா மாநிலத்துச் சார்ல்ஸ்டன் நகரில் டாக்டர் கெவின் கிரேயும் அவர் குழுவினரும், 15 முதல் 21 வயது வரையுள்ள 116 பேரிடம் எட்டு வாரம் சோதனை நடத்தினர். ஒரு சாராருக்கு நாளைக்கு இருமுறை 1200 மில்லிகிராம் மருந்து. மறு சாராருக்குத் தோற்றத்தில் வேறுபாடற்ற வெற்றுக் குளிகை. எவருக்கு எது என்பது உண்பவருக்கும் தெரியாது, கொடுப்பவருக்கும் தெரியாது. இருசாராருக்கும் வாரந்தோறும் அறிவுரையும், கஞ்சாவைத் தவிர்த்தால் பரிசும் உண்டு.

இவ்வளவு மறைப்பு எதற்கு? மருந்து உண்கிறோம் என்னும் நம்பிக்கையே ஓரளவு திருத்தவல்லது. பரிசும் அறிவுரையும் கூடத் திருத்தும். இவற்றைக் கழித்த பின் எஞ்சுவதே மருந்தின் பயன். உண்டவர் வாய்மொழியையும் அவர்கள் முழுதும் நம்பவில்லை, சிறுநீரைச் சோதித்தனர். கஞ்சாவின் சத்து கொழுப்பில் தங்கி, நாள்தோறும் பயன்படுத்தியவரிடம் நிறுத்திய பின்னும் பல வாரம் சிறுநீரில் தென்படக்கூடும். ஆதலால் இச்சோதனை சற்றுக் கடுமையானதே.

2012-இல் முடிவு வெளிவந்தது. கஞ்சா அற்றதெனக் கண்ட சோதனைகள், மருந்துண்டோரிடம் நூற்றுக்கு 40.9, வெற்றுக் குளிகை உண்டோரிடம் 27.2. பலரும் மகிழ்ந்தனர்.

அவர்கள் அத்துடன் நின்றிருக்கலாம். நின்றிலர் என்பதையே நான் பெரிதாக மதிக்கிறேன். 18 முதல் 50 வயது வரையுள்ள 302 பேரிடம் பன்னிரண்டு வாரம் மீண்டும் சோதித்து, 2017-இல் வெளியிட்டனர். மருந்துண்டோரிடம் நூற்றுக்கு 22.3, வெற்றுக் குளிகை உண்டோரிடம் 22.4. வயதின் வேறுபாடோ என்றெண்ணிப் பின்னர் இளைஞரிடையே மறுமுறை ஆராய்ந்தபோதும் மருந்துக்கு மேன்மை காணப்படவில்லை. அம்முடிவையும் மறைக்காமல் வெளியிட்டனர்.

கஞ்சாவை விடமுயல்வோருக்கு இன்றும் மருத்துவர் முதன்மையாகக் கைக்கொள்வது, வாரந்தோறும் எதிரே அமர்ந்து பேசி நடத்தும் சிகிச்சையே.