கொல்லுப்பட்டறை மூலையில் கிடக்கும் இரும்பு

வாங்கின ஒரு மாதத்தில் முனை மழுங்கி, கல்லில் தீட்டத் தீட்டத் தேய்ந்துகொண்டே போகும் அரிவாளை நம்மில் பலரும் வைத்திருக்கிறோம். "அந்தக் காலத்து அரிவாள் மாதிரி வராதுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த சந்தையில் இன்னொன்று வாங்குகிறோம். ஆசாரிகளுக்குக் கைத்திறன் குறைஞ்சு போச்சு என்று பேசுபவர்களும் உண்டு. ஆனால் அடிக்கிற கையைவிட, அடிபடுகிற இரும்பில்தான் பெரும்பாலும் கோளாறு இருக்கிறது. ஆசாரி என்ன இரும்பைச் சேர்த்து வைத்திருக்கிறாரோ, அதுதான் நமக்கு அரிவாளாக வரும்.

எந்தக் கொல்லுப்பட்டறைக்குப் போனாலும் ஒரு மூலையில் துருப்பிடித்த குவியல் ஒன்று கிடக்கும். பார்க்கிறவர்களுக்குக் காயலான் கடைச் சரக்கு. ஆசாரிக்கு அது முதலீடு. லாரியின் கமான் பட்டைகள், தேய்ந்த அரங்கள், டிராக்டர் பேரிங்கின் வளையங்கள், மரவாடியில் கழித்துப்போட்ட ரம்பத் தகடு என்று வருஷக்கணக்கில் ஒவ்வொன்றாகச் சேர்த்தது. புதிய இரும்பு கடையில் டன் கணக்கில் கிடைக்கும்போது இதை ஏன் பொத்திப் பொத்தி வைக்க வேண்டும்?

காரணம் கரி. இரும்பில் கலந்திருக்கும் கார்பனைச் சொல்கிறேன். கடையில் வாங்கும் சாதா இரும்புப் பட்டையில் கார்பன் சுமார் 0.2 சதவீதம். வீடு கட்டும் கம்பியில் 0.3 சதவீதத்துக்குள். லாரி கமான் பட்டையில் 0.5 முதல் 0.6 வரை. பேரிங்கில் 1 சதவீதம் அளவுக்கு. நல்ல அரத்தில் அதற்கும் மேலே. பழுக்கக் காய்ச்சிய இரும்பைச் சட்டென்று தண்ணீரிலோ எண்ணெயிலோ முக்குவதைத் தோய்ச்சல் என்கிறோம். அப்போது இரும்பு விறைத்துக் கடினமாவது இந்தக் கார்பனால்தான். சாதா இரும்பை நூறு தடவை தோய்த்தாலும் முனை நிற்கிற அளவுக்குக் கடினம் ஏறாது. எப்பேர்ப்பட்ட ஆசாரியாலும் இல்லாத கார்பனை வரவழைக்க முடியாது.

அதே சமயம் கார்பன் கூடினால் எல்லாம் நல்லது என்றும் இல்லை. அரத்தை அடித்துச் செய்த கத்தி முடியைச் சிரைக்கும் அளவுக்குக் கூர் பிடிக்கும். அதைக் கொண்டு வேலிக்கருவையை வெட்டினால் பல்லுப்பல்லாகச் சிதறும். வெட்டரிவாளுக்குக் கமான் பட்டைதான் சரி. பாரம் ஏற ஏற வளைந்து நிமிர்வதற்கென்றே செய்த உருக்கு அது, அடி தாங்கும். தோய்த்த பிறகு மறுபடி லேசாகச் சூடு காட்டும்போது இளமஞ்சள், பழுப்பு, ஊதா, நீலம் என்று இரும்பின் மேல் நிறம் ஓடும். கத்திக்கு மஞ்சளில் நிறுத்துவார்கள், அடி வாங்குகிற கருவிக்கு ஊதா வரை விடுவார்கள். எந்த இரும்பு என்று தெரியாமல் எந்த நிறத்தில் நிறுத்துவது? ஆகவே குவியலில் ஒவ்வொரு துண்டும் எங்கிருந்து வந்தது என்பது ஆசாரிக்கு மனப்பாடமாக இருக்கும். அந்த நினைவும் சரக்கில் சேர்த்திதான்.

உலகமெங்கும் கத்தி செய்பவர்கள் இப்படித்தான் பதுக்குகிறார்கள். ஜப்பானில் அரிவாளும் உளியும் இழைப்புளியும் இரண்டு உலோகம் சேர்த்துச் செய்வார்கள். முனைக்குக் கடினமான உருக்கு, முதுகுக்கு மெத்தென்ற தேனிரும்பு. முதுகு மெதுவாக இருந்தால் தீட்டுவது சுலபம். பழைய முறையில் காய்ச்சிய அந்தத் தேனிரும்பு இன்று தொழிற்சாலைகளில் வருவதில்லை. 1856இல் பெஸ்ஸெமர் முறை வந்த பிறகு மலிவான எஃகு பெருகி, தேனிரும்பு உலைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. இங்கிலாந்தின் போல்டன் நகரில் இருந்த கடைசி உலையும் 1973இல் நின்றுவிட்டது. அதனால் ஜப்பானியக் கொல்லர்கள் பழைய கப்பல் நங்கூரம், நங்கூரச் சங்கிலி, இடித்த பாலத்தின் இரும்பு ஆகியவற்றைத் தேடி வாங்கி அடுக்கி வைத்திருக்கிறார்கள். தகப்பன் வாங்கியதை மகன் அடிக்கிறான்.

வாள் செய்கிறவர்களுக்கு அங்கே வேறு ஏற்பாடு. ஆற்று மணலிலும் மலைமணலிலும் கிடைக்கும் இரும்பு மணலை மரக்கரியோடு மூன்று நாள் இரவுபகலாகக் காய்ச்சி எடுக்கும் உருக்குதான் அவர்களுக்கு வேண்டும். அந்த உலைகள் முழுக்க நின்றுபோன நிலையில், 1977இல் ஷிமானே மாநிலத்தில் வாள் பாதுகாப்புச் சங்கம் ஒரு உலையை மறுபடி மூட்டியது. குளிர்காலத்தில் மட்டும் எரியும். கிடைப்பதை நாட்டிலுள்ள வாள் கொல்லர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறார்கள். ஒரு தொழில் சாகக்கூடாது என்று மூலப்பொருளையே பொதுவில் காய்ச்சுகிறார்கள். இங்கே நாம் குலத்தொழில் அழியுது என்று கூட்டம் போட்டுப் பேசுகிறோம். இரும்பு எங்கிருந்து வரும் என்று யாரும் கேட்பதில்லை.

பிடிக்கும் இதே கதைதான். இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலும் ஜெர்மனியின் சோலிங்கனிலும் உயர்ந்த கத்திகளுக்கு நம் நாட்டுக் கடமானின் கொம்பைப் பிடியாகப் போட்டார்கள். ஆண்டுதோறும் தானாக உதிரும் கொம்பு. உள்ளே பஞ்சு குறைவு, ஓடு தடிமன். இந்தியா ஏற்றுமதியைத் தடை செய்த பிறகு பழைய இருப்பு வைத்திருந்தவர் காட்டில் மழை. தடை சரியானதுதான். உதிர்ந்த கொம்பு என்ற பெயரில் மானைக் கொன்று எடுப்பதைப் பிரித்துப் பார்ப்பது லேசான காரியமா?

நமக்குக் கொம்பு வேண்டாம், மரம் போதும். கருவேலம், உசிலை, விடத்தலை எல்லாம் பிடிக்கும் காம்புக்கும் ஏற்ற வைரம் பாய்ந்த மரங்கள். ஆனால் பச்சைக் கட்டையில் பிடி போட்டால் காய்ந்து சுருங்கிப் பூண் கழன்றுவிடும். ஒரு அங்குலத் தடிமனுக்கு ஒரு வருஷம் நிழலில் கிடக்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. வெள்ளைக் கட்டையில் மாவுச்சத்து இருப்பதால்தான் வண்டு விழுகிறது. குளத்தில் சில வாரம் ஊறப்போட்டு எடுத்தால் அது கரைந்துபோகும். வரப்பிலும் வேலியிலும் இந்த மரங்களை விட்டுவைத்திருக்கும் இயற்கை உழவர்கள் கவாத்து செய்யும்போது கைத்தடிமன் கிளையை அடுப்புக்குப் போடாமல் பரணில் போடலாம்.

இரும்புக்கு வருவோம். புதிய லாரிகளில் பட்டைகளின் எண்ணிக்கையே குறைந்து வருகிறது. கழிகிற பட்டையும் காயலான் கடை வழியாக உருக்காலைக்குப் போய்க் கட்டடக் கம்பியாகிவிடுகிறது. பட்டறை வைத்திருந்தவர் காலமானால் நாற்பது வருஷச் சேகரிப்பு ஒரே நாளில் எடைக்குப் போகிறது. எது அரம், எது பட்டை என்று வாங்குகிறவனுக்கும் கவலையில்லை, விற்கிறவர்களுக்கும் தெரியாது.

உழவர் குழுக்கள் இதில் செய்யக்கூடியது இருக்கிறது. லாரி பழுது பார்க்கும் இடங்களில் கழித்த பட்டைகளை மொத்தமாக வாங்கி நம் ஆசாரியிடம் வைக்கலாம். வாங்கும்போது கிரைண்டரில் ஒரு ஓரத்தை உரசிப் பாருங்கள். பொறி நீளமாக, கிளைக்காமல் ஓடினால் சாதா இரும்பு. மத்தாப்பு மாதிரி கிளைவிட்டுப் பூத்தால் கார்பன் உண்டு. உழைத்த பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். அந்த இடத்தில்தான் பிறகு அரிவாள் ஒடியும். மண்ணெண்ணெய் தடவிச் சற்று நேரம் விட்டு, நன்றாகத் துடைத்துச் சுண்ணாம்புத்தூள் தூவுங்கள். விரிசல் இருந்தால் ஈரக்கோடாகத் தெரியும். அந்தத் துண்டை மட்டும் வெட்டிக் கழித்துவிடலாம். தண்டவாளத் துண்டு நல்ல உருக்குதான், ஆனால் ரயில்வே சொத்தைக் கணக்கில்லாமல் வைத்திருப்பது 1966 சட்டப்படி குற்றம். ஆசை வேண்டாம்.

உங்கள் ஊரில் பட்டறை மூடப்போகிறது என்று தெரிந்தால் குடும்பத்தாரிடம் பேசி, எடைக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்துக் குவியலை மொத்தமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆசாரி இருக்கும்போதே உட்கார்ந்து, எந்தத் துண்டு எதற்கு ஆகும் என்று கேட்டு ஒவ்வொன்றிலும் எழுதிவிடுவது நல்லது. சாக்பீஸ் ஒரு மழையில் போய்விடும், பெயின்ட் டப்பா கொண்டுபோங்கள்.