காந்தத் திரவத்தைக் கணிக்கும் சமன்பாடுகள்: புற்றுநோய்ச் சிகிச்சைக்கு அவை ஏன் தேவை?

காந்தத்தை அருகில் கொண்டு சென்றால் முள்முள்ளாக எழும்பி நிற்கும் கருநிற எண்ணெய், 'பெர்ரோ திரவம்' எனப்படுகிறது. இதன் போக்கை முன்கூட்டியே கணக்கிடுவது கணிதவியலாளர்களுக்கு நீண்டகாலச் சவாலாக இருந்து வருகிறது.

உருவானது எப்படி?

அமெரிக்க விண்வெளி அமைப்பான நாசாவின் பொறியாளர் ஸ்டீவ் பாப்பெல், 1963-ஆம் ஆண்டு இதனை உருவாக்கினார். எடையற்ற சூழலில் ராக்கெட் எரிபொருளைக் காந்தத்தால் இழுத்து எஞ்சினுக்கு அனுப்புவதே அவரது நோக்கம். பிற்காலத்தில் ஒலிபெருக்கிச் சுருளைக் குளிர்விக்கவும், கணினி ஹார்டு டிஸ்க்கில் தூசு புகாமல் தடுக்கவும் இத்திரவம் பயன்பட்டது.

இதில் கலந்துள்ள இரும்பு ஆக்சைடு துகள்களின் விட்டம் சுமார் 10 நானோமீட்டர் மட்டுமே. அவை ஒன்றோடொன்று ஒட்டாதிருக்க ஒலியிக் அமிலம் போன்ற பொருள் பூசப்படுகிறது.

சமன்பாடுகள் கூறுவது என்ன?

நீர் போன்ற சாதாரண திரவத்தின் ஓட்டத்தை நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாடு விளக்குகிறது. காந்தத் திரவத்துக்கு அதனுடன் காந்த விசையையும் சேர்க்க வேண்டும். நியூரிங்கர், ரோசன்ஸ்வீக் ஆகியோர் 1964-இல் வெளியிட்ட மாதிரி, துகள்களின் காந்தத்தன்மை காந்தப்புலத்தின் திசைக்கு உடனடியாகத் திரும்பிவிடும் எனக் கருதியது.

ஆனால், ஓடும் திரவம் துகளைச் சுழற்ற முயலும்போது காந்தப்புலம் அதைத் தடுக்கிறது. இதனால் திரவத்தின் பாகுநிலை உயர்கிறது. முந்தைய மாதிரியால் இதை விளக்க இயலவில்லை. சோவியத் இயற்பியலாளர் மார்க் ஷ்லியோமிஸ், துகள்கள் திரும்புவதற்கு எடுத்துக்கொள்ளும் காலத்தையும் 1972-இல் சமன்பாட்டில் சேர்த்தார். வேகமாகத் திசை மாறும் புலத்தில் பாகுநிலை குறையவும் கூடும் என இவ்வழியில் பின்னர் கணிக்கப்பட்டது. 1995-இல் வெளியான சோதனை முடிவு அதை உறுதிப்படுத்தியது.

சிகிச்சையில் பங்கு

இதே தாமதமே மருத்துவத்திலும் பயன்படுகிறது. புற்றுக்கட்டிக்குள் செலுத்தப்பட்ட துகள்கள் மீது, நொடிக்குச் சுமார் ஒரு லட்சம் முறை திசை மாறும் காந்தப்புலம் செலுத்தப்படுகிறது. புலத்தின் வேகத்துக்கு ஈடுகொடுக்க இயலாமல் துகள்களின் காந்தத்தன்மை பின்தங்குவதால் வெப்பம் உண்டாகிறது. மூளைக் கட்டிகளுக்கான இம்முறைக்கு ஐரோப்பாவில் 2010-இல் ஒப்புதல் கிடைத்தது.

வெப்பம் குறைந்தால் புற்றுச் செல்கள் தப்பிவிடும். மிகுந்தால் அருகிலுள்ள நல்ல திசு கருகிவிடும். எனவே, புலத்தின் வலிமையை முன்கூட்டியே கணக்கிடுவது அவசியமாகிறது. துகள்கள் ஒன்றுதிரண்டு சங்கிலியாக இணைவதும், இரத்த ஓட்டம் வெப்பத்தைக் கடத்திச் செல்வதும் இக்கணக்கை மேலும் சிக்கலாக்குகின்றன.