எழுதியவருக்கே முதல் உரிமை: பதிப்புரிமைச் சட்டம் என்ன சொல்கிறது?

புதிய நாவல் ஒன்று கடைக்கு வந்த சில நாட்களிலேயே அதன் பிடிஎஃப் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றத் தொடங்கிவிடுகிறது. பத்திரிகையில் வந்த சிறுகதையை, எழுதியவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், யாரோ யூடியூபில் ஒலிக்கதையாக வாசித்துவிடுகிறார். ஓவியர் ஃபேஸ்புக்கில் பகிர்ந்த படம் அவர் பெயரின்றி இன்னொருவர் புத்தகத்தின் அட்டையாகிறது. இப்படிச் செய்பவர்களில் பெரும்பாலோர் தாங்கள் திருடுவதாக நினைப்பதில்லை. நல்லதைப் பலருக்குக் கொண்டுசேர்ப்பதாகவே நம்புகிறார்கள். மறுபுறம், தங்களுக்கு என்னென்ன உரிமைகள் உண்டு, ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோது எவற்றைக் கொடுத்தோம் என்பது படைப்பாளிகள் பலருக்கே தெரியாது. இந்த இரண்டு அறியாமைகளாலும் நஷ்டப்படுபவர் ஒருவர்தான்: படைத்தவர்.

பாரதி பாட்டு யாருடையதாக இருந்தது?

பதிப்புரிமை என்றால் என்ன என்பதற்குத் தமிழ்நாட்டின் வரலாறே நல்ல பாடம். பாரதியார் 1921இல் மறைந்தார். அவருடைய நூல்களை அச்சிடும் உரிமை பின்னாளில் அவருடைய தம்பி சி. விசுவநாதனிடம் வந்துசேர்ந்தது. பாடல்களை இசைத்தட்டாக்கும் உரிமையோ தனியாக ஒரு வணிக நிறுவனத்துக்கு விற்கப்பட்டு, அங்கிருந்து படத் தயாரிப்பாளர் ஏவி. மெய்யப்பன் கைக்குப் போனது. அவருடைய ‘நாம் இருவர்’ (1947) படத்தில் பாரதி பாடல்கள் ஒலித்தன. டி.கே.எஸ். சகோதரர்களின் ‘பில்ஹணன்’ (1948) படத்தில் பாரதி பாடல் இடம்பெற்றபோது உரிமைத் தகராறு எழுந்தது. பாரதி தமிழர் அனைவருக்கும் பொது என்ற குரல் வலுத்தது. 1949இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் தலைமையிலான சென்னை மாகாண அரசு அந்த உரிமைகளைப் பெற்றது. மெய்யப்பன் தன்னிடமிருந்ததைப் பணம் வாங்காமலே விட்டுக்கொடுத்தார். இந்த வரலாற்றை ஆய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி ஆவணங்களோடு விரிவாக எழுதியிருக்கிறார்.

ஒரே பாட்டை அச்சிடும் உரிமை ஒருவரிடமும், அதை ஒலியாக்கும் உரிமை இன்னொருவரிடமும் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். பதிப்புரிமை என்பது ஒற்றை உரிமை இல்லை. அச்சிடுதல், மொழிபெயர்த்தல், நாடகமாக்குதல், படமாக்குதல், ஒலிப்பதிவு செய்தல், பொதுமக்களிடம் பரப்புதல் என்று அது பலவாகப் பிரியும். சொந்த வீட்டின் ஒரு பகுதியை வாடகைக்கு விடலாம், ஒத்திக்கு விடலாம், மொத்தமாக விற்கவும் செய்யலாம். படைப்பும் அப்படித்தான். எதை, எத்தனை காலத்துக்கு, எந்த ஊடகத்துக்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுப்பதில்தான் படைப்பாளியின் வருமானமும் மரியாதையும் இருக்கின்றன.

உரிமை எப்போது பிறக்கிறது?

இந்தியாவில் நடப்பில் இருப்பது 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம். இலக்கியம், நாடகம், இசை, ஓவியம், புகைப்படம், திரைப்படம், ஒலிப்பதிவு எல்லாம் இதில் அடங்கும். கணினி நிரலைக்கூட இலக்கியப் படைப்பாகவே சட்டம் கருதுகிறது. படைப்பு எழுத்திலோ பதிவிலோ உருப்பெற்ற கணமே உரிமை பிறந்துவிடுகிறது. பதிவு செய்வது கட்டாயமில்லை. ‘உரிமை ஆசிரியருக்கே’ என்று அச்சிடாவிட்டாலும் உரிமை போய்விடாது.

ஆனால் பதிவு செய்துவைத்தால் வழக்கு வரும்போது அது முதல்நிலைச் சான்றாகும். மத்திய அரசின் பதிப்புரிமை அலுவலகத்தில் இணையம் வழியே விண்ணப்பிக்கலாம். கதை, கவிதை, நாடகம் போன்ற இலக்கியப் படைப்பு ஒன்றுக்குக் கட்டணம் 500 ரூபாய். பிறர் ஆட்சேபம் தெரிவிக்க 30 நாள் அவகாசம் தரப்பட்ட பிறகு விண்ணப்பம் பரிசீலிக்கப்படும்.

கருவுக்கு உரிமை கிடையாது

‘என் கதையைத் திருடிவிட்டார்கள்’ என்ற புகார் ஒவ்வொரு பெரிய படம் வெளியாகும்போதும் எழுகிறது. இதற்கு உச்ச நீதிமன்றம் 1978இலேயே அளவுகோல் வகுத்துவிட்டது. ஆர்.ஜி. ஆனந்த் என்ற நாடகாசிரியர் ‘ஹம் ஹிந்துஸ்தானி’ என்ற நாடகத்தை எழுதி டெல்லியில் மேடையேற்றினார். அதில் பஞ்சாபிக் குடும்பமும் தமிழ்க் குடும்பமும் அண்டை வீட்டார். பிள்ளைகளின் காதலுக்குப் பெற்றோரின் மாகாண வெறி தடையாக நிற்கிறது. 1956இல் வெளிவந்த ‘நியூ டெல்லி’ என்ற இந்திப் படமும் பஞ்சாபி இளைஞனுக்கும் தமிழ்ப் பெண்ணுக்குமான காதலைத்தான் சொன்னது, வைஜயந்திமாலா கதாநாயகி. ஆனந்த் வழக்குத் தொடுத்தார்.

அவர் தோற்றார். மாகாண வெறி என்ற கரு யாருக்கும் சொந்தமில்லை. அதைச் சொல்லும் விதம்தான் சொந்தம் என்றது நீதிமன்றம். வேற்று மாகாணத்தானுக்கு வாடகை வீடு மறுக்கப்படுவது, வரதட்சணைக் கொடுமை என்று நாடகத்தில் இல்லாத பல பகுதிகள் படத்தில் இருந்தன. இரண்டையும் பார்த்த ஒருவருக்கு ‘பின்னது முன்னதன் நகல்தான்’ என்று ஐயமற ஓர் எண்ணம் தோன்றுகிறதா என்பதே கேள்வி. இன்றும் நீதிமன்றங்கள் இதையே கேட்கின்றன. ஆகவே மனத்தில் இருக்கும் ஒருவரிக் கதையை நம்பி இருக்காதீர்கள். காட்சிகளாகவும் உரையாடலாகவும் எழுதி, தேதியோடு பாதுகாத்துக்கொள்ளுங்கள்.

உரிமையாளர் யார்?

படைத்தவரே முதல் உரிமையாளர் என்பது பொதுவிதி. விதிவிலக்குகளில்தான் சிக்கல். சம்பள வேலையின் பகுதியாக எழுதியது, மாற்று ஒப்பந்தம் இல்லையென்றால், நிறுவனத்துக்குச் சேரும். பத்திரிகை ஊழியருக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு: பத்திரிகையில் வெளியிடும் உரிமை முதலாளிக்கு; நூலாக்குவது போன்ற மற்ற உரிமைகள் எழுதியவருக்கே. வெளியிலிருந்து எழுதுபவர் அந்த நிறுவனத்தின் ஊழியரே இல்லை என்பதால், எழுதிக் கொடுத்தாலொழிய அவர் உரிமை அவரிடமே நிற்கும். பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன கல்யாணப் புகைப்படங்களின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவருக்குத்தான்.

உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில் இருக்க வேண்டும், வாய்ப்பேச்சு செல்லாது. காலம் குறிப்பிடப்படவில்லை என்றால் 5 ஆண்டுகள், எல்லை குறிப்பிடப்படவில்லை என்றால் இந்தியா என்றே பொருள். 2012 திருத்தம் இன்னொரு காப்பையும் தந்தது: ஒப்பந்தம் போட்டபோது இல்லாத புதிய ஊடகத்தை, அதைப் பெயர்சொல்லிக் குறிப்பிட்டிருந்தாலொழிய, பதிப்பாளரோ தயாரிப்பாளரோ உரிமை கோர முடியாது.

திரையிசைக்கு அந்தத் திருத்தம் பெரிய திருப்பம். படத்துக்காகப் பணம் பெற்று எழுதிய பாடலுக்கும் இசைக்கும் தயாரிப்பாளரே உரிமையாளர் என்று 1977இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. பாடலாசிரியர்களும் இசையமைப்பாளர்களும் பல்லாண்டுகள் போராடினார்கள்; இந்திப் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் நாடாளுமன்றத்திலேயே வாதாடினார். இப்போது திரையரங்குக்கு வெளியே அந்தப் பாட்டு பயன்படும்போது கிடைக்கும் ராயல்டியில் சமபங்கு பெறும் உரிமையை அவர்கள் எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது. வாரிசுகளுக்கும் ராயல்டி வசூலிக்கும் பதிப்புரிமைச் சங்கத்துக்கும் மட்டுமே அதை மாற்றித் தரலாம்.

எல்லாவற்றையும் விற்ற பிறகும் படைப்பாளியிடம் எஞ்சும் உரிமை ஒன்று உண்டு. ‘இது என் படைப்பு’ என்று சொல்லவும், தன் மதிப்பைக் குலைக்கும்படி அதைச் சிதைத்தால் தடுக்கவும் அவரால் முடியும். டெல்லி விஞ்ஞான் பவனில் சிற்பி அமர்நாத் சேகல் அமைத்த பெரிய வெண்கலச் சுவர்ச்சிற்பம் 1979இல் பெயர்த்தெடுக்கப்பட்டுக் கிடங்கில் சிதைந்தது. அவர் மத்திய அரசு மீதே வழக்குத் தொடுத்தார். சிற்பத்தைத் திருப்பித் தரவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் 2005இல் டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

எது மீறல், எது இல்லை?

‘பெயரைப் போட்டுவிட்டேன்’, ‘காசு வாங்கவில்லை’, ‘முப்பது நொடிதான் எடுத்தேன்’, ‘இணையத்தில் இலவசமாகக் கிடந்தது’ என்ற நான்கு சமாதானங்களும் சட்டத்தின் முன் நிற்காது. இத்தனை நொடி, இத்தனை வரி வரை எடுக்கலாம் என்று பொது அளவு எதையும் சட்டம் வகுக்கவில்லை. முழு நூலின் பிடிஎஃப்பைக் குழுவில் பகிர்வது, நோக்கம் எத்தனை நல்லதாக இருந்தாலும், மீறல்தான்.

அதே சமயம் சட்டம் வாசகரையும் மாணவரையும் கைவிடவில்லை. சொந்தப் படிப்புக்கும் ஆய்வுக்கும், விமர்சனத்துக்கும் மதிப்புரைக்கும், நடப்புச் செய்திக்கும் நியாயமான அளவில் எடுத்தாளலாம். வகுப்பில் ஆசிரியர் பயன்படுத்தலாம். டெல்லிப் பல்கலைக்கழகப் பாடத்தொகுப்புகளை நகலெடுத்த கடைமீது வெளிநாட்டுப் பதிப்பகங்கள் தொடுத்த வழக்கில், 2016இல் டெல்லி உயர் நீதிமன்றம் கல்வித் தேவையின் பக்கம் நின்றது. மாற்றுத்திறனாளிகள் படிக்கும் வடிவில் நூல்களை மாற்றிக் கொடுக்கவும் அனுமதி உண்டு. திருமணச் சடங்கிலும் ஊர்வலத்திலும் அதையொட்டிய கொண்டாட்டங்களிலும் பாட்டுப் போடுவது மீறலாகாது. 2023 ஜூலையில் மத்திய அரசு இதை மீண்டும் தெளிவுபடுத்தியது.

எத்தனை காலம்?

எழுத்து, இசை, ஓவியத்துக்குப் படைத்தவரின் ஆயுட்காலமும் அதன்பின் 60 ஆண்டுகளும். திரைப்படத்துக்கும் ஒலிப்பதிவுக்கும் வெளியானதிலிருந்து 60 ஆண்டுகள். மறைவுக்குப் பின் 50 ஆண்டுகள் என்று முன்பு இருந்தது. 1941இல் மறைந்த தாகூரின் படைப்புகளுக்குக் காலம் முடியும் தறுவாயில், 1992 திருத்தத்தின்மூலம் நாடாளுமன்றம் 10 ஆண்டுகளைக் கூட்டியது.

தமிழ்நாட்டில் இதோடு நாட்டுடைமையும் சேர்கிறது. அரசு குடும்பத்தாருக்குப் பரிவுத்தொகை கொடுத்து, படைப்புகளைக் காலக்கெடுவுக்கு முன்பே பொதுவாக்குகிறது. கல்கி, புதுமைப்பித்தன் எழுத்துகள் அப்படி வந்தவை. ‘பொன்னியின் செல்வ’னை இத்தனை பதிப்பகங்கள் வெளியிடுவது அதனால்தான். ஆனால் மூலம் பொதுவானாலும் அதன் புதிய மொழிபெயர்ப்பும் உரையும் அட்டைப்படமும் அவரவருக்கே சொந்தம்.

மீறினால் என்ன செய்யலாம்?

முதலில் ஆதாரம்: திரைப்பிடிப்பு, இணைப்பு, தேதி. அடுத்து, மீறியவருக்கும் அந்த இணையத் தளத்துக்கும் எழுத்துமூலமான அறிவிப்பு. முறையான புகார் கிடைத்தால் தளம் 36 மணி நேரத்துக்குள் அதை முடக்க வேண்டும். 21 நாட்களுக்குள் நீதிமன்ற உத்தரவு பெறாவிட்டால் அது மீண்டும் வெளிவரலாம் என்பதால் தாமதிக்கக் கூடாது. தடையுத்தரவும் இழப்பீடும் கோரி உரிமையியல் வழக்குத் தொடுக்கலாம். அதைத் தான் குடியிருக்கும் ஊருக்குரிய நீதிமன்றத்திலேயே தொடுக்கும் வசதி படைப்பாளிக்கு உண்டு. தெரிந்தே மீறியவருக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். வணிக லாபத்துக்காகச் செய்யவில்லை என்றால், காரணத்தைப் பதிவு செய்து நீதிமன்றம் தண்டனையைக் குறைக்கலாம். இது பிடியாணையின்றிக் காவல்துறை நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றம் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.

எழுத்தாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ‘அனைத்து உரிமைகளும்’ என்ற சொற்கள் ஒப்பந்தத்தில் இருந்தால் பேனாவைக் கீழே வையுங்கள். எந்த உரிமை, எத்தனை ஆண்டுகள், மின்னூலும் ஒலிநூலும் சேர்த்தியா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். வாசகர்களுக்கும் ஒன்று: தமிழில் ஒரு நூல் சில நூறு பிரதிகள் விற்பதே இன்று பெரிய காரியமாக இருக்கிறது. பிடித்த எழுத்தாளரின் அடுத்த புத்தகம் வர வேண்டுமானால் இந்தப் புத்தகத்தை வாங்குங்கள். வாங்க இயலாவிட்டால் நூலகத்தில் எடுத்துப் படியுங்கள்.