மானாவாரி மக்காச்சோளம்: 10 சென்டிமீட்டர் இடைவெளி ஏன் முக்கியம்?

மைசூரில் இருந்து குடகுக்கு பைக்கில் போயிருக்கிறீர்களா? ஹுன்சூர், பிரியாபட்டணம் பக்கம் மக்காச்சோள வயல்களைப் பார்த்திருப்பீர்கள். அதில் நிறைய மானாவாரிதான், வானம் பார்த்த பயிர். 2023-இல் மழை பொய்த்தபோது, கர்நாடகாவின் 236 தாலுகாக்களில் 223 வறட்சி பாதித்தவை என்று அறிவிக்கப்பட்டன. மழை விவசாயி கையில் இல்லை. ஆனால் விதைக்கிற அன்று ஒரு முடிவு அவர் கையில் இருக்கிறது: எவ்வளவு இடைவெளி விடுவது?

கணக்கு என்ன?

வரிசைக்கு வரிசை 60 செ.மீ., செடிக்குச் செடி 30 செ.மீ. விட்டால், ஒரு ஏக்கரில் சுமார் 22,500 செடிகள். அந்த 30-ஐ 20 ஆக்கினால் சுமார் 33,700. வெறும் 10 செ.மீ. குறைத்ததில் செடிகள் ஒன்றரை மடங்கு!

செடி கூடினால் மகசூலும் கூடுமே?

தண்ணீரும் உரமும் தாராளமாக இருந்தால் ஓரளவு வரை கூடும். இல்லையென்றால் சிக்கல். மக்காச்சோளத்தில் ஆண் பூ உச்சியில், பெண் பூ தண்டின் பக்கவாட்டில். வறட்சி வந்தால் கதிரின் பட்டு இழை வெளியே வரத் தாமதமாகும். அதற்குள் மகரந்தம் கொட்டி முடிந்துவிடும். நெருக்கமாக நட்ட வயலில் இது இன்னும் மோசம். மிஞ்சுவது கதிரே இல்லாத தட்டை.

அப்போ ரொம்ப தள்ளி நட்டால்?

அதுவும் ஆபத்துதான். இந்தப் பயிர் நெல் மாதிரி தூர் கட்டி இழப்பை ஈடுகட்டாது. நல்ல மழை பெய்த வருஷத்தில் காலி இடம் நஷ்டமாகிவிடும்.

வரிசையை மட்டும் அகலமாக்கலாமா?

90-க்கு 20 செ.மீ. நட்டாலும் அதே 22,500 செடிகள்தான். நடு இடத்து ஈரத்தை வேர்கள் தாமதமாகத்தான் எட்டும். பூக்கும் நேரத்துக்கு அது கைகொடுக்கும். அமெரிக்காவின் வறண்ட சமவெளிகளில் சில வரிசைகளை விதைக்காமலே விட்டுப் பார்த்தார்கள். கடும் வறட்சியில் லாபம், நல்ல மழையில் நஷ்டம். இன்சூரன்ஸ் பிரீமியம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அதற்கு ஈரத்தைப் பிடித்து வைக்கிற ஆழமான மண் வேண்டும். மைசூர் பக்கம் அதிகம் இருப்பது செம்மண். ஈரம் சீக்கிரம் போய்விடும். அதனால் இங்கே 60-க்கு 30 வைத்து, வரிசைகளுக்கு நடுவே சால் போட்டு மழைநீரை நிறுத்துவது பாதுகாப்பான வழி. ஊடுபயிராகத் துவரையும் போடலாம். அது ஆரம்பத்தில் மெதுவாக வளர்வதால் போட்டி குறைவு; சோளம் ஏமாற்றினாலும் கையில் ஏதாவது நிற்கும்.

ஊரில் உங்கள் குடும்பத்துக்கு மக்காச்சோள வயல் இருக்கிறதா? 60 செ.மீ. வரிசை என்றால், ஒரு வரிசையில் 6.75 மீட்டர் அளந்து செடிகளை எண்ணுங்கள். அதை 1,000-ஆல் பெருக்கினால் ஒரு ஏக்கர் கணக்கு. 22, 23 வந்தால் சரி. 33 வந்தால், பயிர் சின்னதாக இருக்கும்போதே கலைத்துவிடுவது பற்றி வீட்டில் பேசுங்கள்.